கோழி முட்டை போடுவதை நிறுத்திவிட்டதா? குழம்புக்கு அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை!

போன மாதம் வரை வாரத்துக்கு நாலைந்து முட்டை கொடுத்த கோழி அது. இந்த மாதம் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவினால் வைக்கோல்தான் கிடைக்கிறது. கோழியோ நன்றாகத் தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது, முற்றத்தில் ராணி மாதிரி நடக்கிறது. "தீனிதான் தண்டம்" என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்துவிட்டால் அதன் கதை முடிந்தது.

கொஞ்சம் பொறுங்கள். அப்படி அறுக்கப்படும் கோழிகளில் பல, இன்னும் இரண்டு மூன்று வாரங்களில் மறுபடி முட்டை போட்டிருக்கக்கூடியவை. அதன் இடத்தில் புதிதாக ஒரு குஞ்சை வாங்கி வளர்த்தால், முதல் முட்டையைப் பார்க்க ஆறேழு மாதம் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். நான்கு கோழி வளர்க்கும் வீட்டில் பிள்ளைகளின் காலை முட்டையும், அக்கம்பக்கத்தில் விற்றுச் சேர்க்கும் அம்மாவின் சிறுவாட்டுப் பணமும் இதை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் கோழி முட்டையை நிறுத்தினால், முதலில் ஏன் என்று கண்டுபிடிப்போம். காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் கேள்வி: நிஜமாகவே நின்றுவிட்டதா?

மேய்ச்சலுக்குப் போகும் கோழி நாம் வைத்த கூட்டில்தான் முட்டையிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வைக்கோல் போர், விறகுக் கட்டு, வேலியோரப் புதர், மாடியில் என்றால் பூந்தொட்டிகளுக்குப் பின்னால், பழைய அட்டைப் பெட்டிக்குள் என்று இருட்டான, ஒதுக்குப்புறமான இடமாகப் பார்த்து ரகசியமாகப் போட்டு வைக்கும். முட்டையிட்ட பிறகு அது கொக்கரிக்கும் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனித்தாலே பாதி துப்பு கிடைத்துவிடும்.

சந்தேகம் இருந்தால் மூன்று நான்கு நாள்கள் காலை 11 மணி வரை கோழியைக் கூட்டிலேயே வைத்திருந்து, தீனியும் தண்ணீரும் கொடுத்துப் பிறகு திறந்து விடுங்கள். பெரும்பாலான கோழிகள் காலையிலேயே முட்டையிடும் என்பதால் உண்மை தெரிந்துவிடும். கூட்டில் ஒரு மர முட்டையோ, வெள்ளைப் பந்தோ வைத்தால், 'இது பாதுகாப்பான இடம்' என்று கோழிக்கு நம்பிக்கை வரும்.

ஒளித்து வைத்த முட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டால் மொத்தமாக அள்ளிவிடாதீர்கள். பென்சிலால் குறி போட்ட ஒரு முட்டையை அங்கேயே விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். எல்லாவற்றையும் எடுத்தால் கோழி இடத்தை மாற்றிவிடும். எடுத்த முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக்கிடந்தால் புதிது. செங்குத்தாக நின்றால் பழசு. மிதந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு பக்கம் திருட்டு. காகம், பெருச்சாளி, கீரி, சாரைப்பாம்பு எல்லாமே முட்டைக்கு ஆசைப்படுபவைதான். சில நேரம் கோழியே தன் முட்டையைக் கொத்திக் குடித்துவிடும். கூட்டில் ஈரம், அலகில் காய்ந்த மஞ்சள் கரு தெரிந்தால் அதுதான் காரணம். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை முட்டையை எடுப்பது, முட்டையிடும் இடத்தைச் சற்று இருட்டாக வைப்பது, சுண்ணாம்புச் சத்து கொடுப்பது ஆகிய மூன்றும் இந்தப் பழக்கத்தைக் குறைக்கும்.

தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்

இருட்டிய பிறகு, கோழி அடைந்திருக்கும்போது மெதுவாகக் கையில் எடுங்கள். மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

கொண்டை: முட்டையிடும் கோழிக்குச் சிவந்து, தடித்து, வெதுவெதுப்பாக இருக்கும். நிறுத்திய கோழிக்குச் சுருங்கி வெளிறியிருக்கும்.

எச்சத்துவாரம்: முட்டையிடும் கோழிக்கு அகன்று, ஈரமாக இருக்கும். இல்லாவிட்டால் சிறிதாக, வட்டமாக, வறண்டிருக்கும்.

இடுப்பெலும்பு: எச்சத்துவாரத்தின் இரு பக்கமும் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று விரல்கள் நுழைந்தால் கோழி முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு விரல்தான் போகிறது என்றால் இப்போதைக்கு முட்டை இல்லை.

மூன்றும் 'முட்டை உண்டு' என்று சொல்லியும் கூடு காலியாக இருந்தால், மறுபடி புதர்களையும் விறகுக் கட்டையும் தேடுங்கள்.

ஒரு முட்டைக்குப் பின்னால்...

கோழியின் உடம்பில் முட்டை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால், அது ஏன் நிற்கிறது என்பதும் எளிதாகப் புரியும். கோழிக்கு இடது பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். மஞ்சள் கரு முழு அளவுக்கு வளர ஏறத்தாழ பத்து நாள் ஆகும். அது சினைப்பையிலிருந்து விடுபட்டு, வெள்ளைக் கரு சேர்ந்து, ஓடு போர்த்திக்கொண்டு வெளியே வர ஏறத்தாழ 25 மணி நேரம். அதில் 20 மணி நேரம் ஓடு உருவாவதற்கே போய்விடும். ஒரு ஓட்டுக்கு மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். தீனியில் அது போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும்.

இவ்வளவு செலவு பிடிக்கிற வேலை என்பதால், உடம்புக்கு ஏதாவது சிரமம் வந்தால் கோழி முதலில் நிறுத்துவது முட்டையைத்தான். தீனி குறைந்தாலும், வெயில் ஏறினாலும், பயந்தாலும், நோய் வந்தாலும் அப்படித்தான். அதேபோல, நாம் குறையைச் சரிசெய்த மறுநாளே முட்டை வந்துவிடாது. புதுக் கரு வளர்ந்து வர இரண்டு மூன்று வாரம் ஆகும். 'நாலு நாளாக நல்ல தீனி போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை' என்று அலுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

சேவல் இல்லாததால் முட்டை நின்றுவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால்தான் சேவல் வேண்டும்.

நாட்டுக்கோழி என்றால் முதல் சந்தேகம் அடை

நாட்டுக்கோழி முட்டையை நிறுத்த மிகச் சாதாரணமான காரணம் அடை. தென் மாவட்டங்களில் அவயம் என்பார்கள். பத்துப் பதினைந்து முட்டை போட்டதும் கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடும். 'போட்டது போதும், இனி பொரிக்கலாம்' என்று அது உட்கார்ந்துவிடும். நாள் முழுக்கக் கூட்டைவிட்டு எழாது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு 'க்ளக் க்ளக்' என்று ஒருவிதமாகக் கத்தும். கையை நீட்டினால் கொத்தும். முட்டையே இல்லாவிட்டாலும் வெறும் தரையில்கூட உட்கார்ந்திருக்கும். இது நோயும் அல்ல, சோம்பலும் அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுற்று முட்டையிட 18 நாள், அடைகாக்க 21 நாள், குஞ்சுகளோடு சுற்றித் திரிய இரண்டரை முதல் மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கே நான்கு மாதம் ஆகிவிடுகிறது. ஆண்டுக்கு மூன்று சுற்று. சுற்றுக்கு 12 முதல் 15 முட்டை என்றால் மொத்தம் 45-ஐத் தாண்டாது. தாயை மூன்று நான்கு வாரத்தில் குஞ்சுகளிடமிருந்து பிரித்துவிட்டால், இடையில் இரண்டு வார ஓய்வையும் சேர்த்து, ஒரு சுற்று இரண்டரை மாதத்தில் முடியும். அப்போது ஆண்டுக்கு நான்கைந்து சுற்று வரும். அடையையே கலைத்துவிட்டால் இன்னும் கூடும். கோழி அதேதான், தீனியும் அதேதான். நாம் மிச்சப்படுத்துவது நாள்களைத்தான்.

ஆகவே அடைக்கோழியைப் பார்த்ததும் ஒரு முடிவு எடுங்கள். குஞ்சு வேண்டுமா, முட்டை வேண்டுமா?

*குஞ்சு வேண்டும் என்றால்:* ஒரு வாரத்துக்குள் போட்ட, சேவல் சேர்ந்த முட்டைகளாக 10 அல்லது 12 வையுங்கள். கோழியின் வயிற்றுக்கு அடியில் அடங்கும் அளவுதான் கணக்கு. ஏழாம் நாள் இரவு, இருட்டில் கைபேசியின் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிவாக இருந்தால் கூமுட்டை. எடுத்துவிடலாம். பொரித்த குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரிக்கும்போது அவற்றுக்கு இரவில் பல்பு வெப்பம் அவசியம். இறகு முளைக்காத குஞ்சு குளிர் தாங்காது.

*முட்டை வேண்டும் என்றால்:* அடையைக் கலைக்க வேண்டும். தரையிலிருந்து உயர்த்தி வைத்த, அடியில் கம்பி வலையோ இடைவெளிவிட்ட பலகையோ உள்ள காற்றோட்டமான கூண்டில் கோழியை விடுங்கள். வைக்கோல் எதுவும் போடாதீர்கள். அடிவயிற்றில் காற்றுப் பட்டு உடம்புச் சூடு தணிந்தால் அடை எண்ணம் கலையும். தீனியும் தண்ணீரும் குறையாமல் இருக்க வேண்டும். மூன்று நான்கு நாளில் திறந்து விட்டுப் பாருங்கள். மறுபடி கூட்டைத் தேடி ஓடினால் இன்னும் இரண்டு நாள். அடையில் உட்கார்ந்த முதல் நாளிலேயே கவனித்துக் கலைத்தால் இரண்டு வாரத்துக்குள் முட்டை திரும்ப வாய்ப்பு அதிகம்.

தண்ணீரில் முக்குவது, பட்டினி போடுவது, மூக்குத் துவாரத்தில் இறகைச் செருகுவது போன்ற பழைய வழிகளைச் சிலர் இன்னும் செய்கிறார்கள். அவை கோழிக்கு வலியும் பயமும் தருமே தவிர, கூண்டு வழியைவிட எந்த விதத்திலும் மேலானவை அல்ல. பட்டினி கிடந்த கோழி முட்டைக்குத் திரும்ப இன்னும் தாமதமாகும்.

இறகு கொட்டுகிறதா? அதுவும் ஓய்வுதான்

வயது ஒன்று, ஒன்றரையைத் தொடும்போது கோழி பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போடும். தலை, கழுத்தில் தொடங்கி வால் வரை வரிசையாகப் போகும். பார்க்கப் பரிதாபமாக, சொட்டைச் சொட்டையாக இருக்கும். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை இப்படி நடக்கும். இரண்டு மூன்று மாதம் முட்டை குறையும் அல்லது நின்றுவிடும்.

இறகு என்பது பெரும்பாலும் புரதம்தான். உடம்பில் உள்ள புரதம் முழுக்க இறகுக்குப் போகும்போது முட்டைக்கு மிச்சம் இருக்காது. இந்தச் சமயத்தில் கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கரையான் என்று புரதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். முளைக்கும் இறகுக் குருத்தில் ரத்த ஓட்டம் இருப்பதால் தொட்டால் கோழிக்கு வலிக்கும். அடிக்கடி தூக்காதீர்கள். புதுக் குருத்தே இல்லாமல் தோல் சிவந்து சொட்டையாக இருந்தால் அது இறகு மாற்றம் அல்ல. பேன் அல்லது மற்ற கோழிகள் கொத்துவது காரணமாக இருக்கலாம்.

சோறு மட்டும் போட்டால் முட்டை வராது

மிஞ்சின சோறு, இட்லி, குருணை என்றுதான் பல வீடுகளில் கோழித் தீனி. வயிறு நிறையும். ஆனால் அரிசியில் புரதம் ஏழெட்டு சதவீதம்தான். முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 சதவீதம் தேவை. கிராமத்தில் குப்பைமேட்டைக் கிளறும் கோழி புழு, பூச்சி, கரையான் தின்று பற்றாக்குறையைச் சமாளித்துக்கொள்ளும். சிமென்ட் தரையில், மாடியில் வளரும் கோழிக்கு அந்த வழி இல்லை. சோறு மட்டுமே தின்னும் கோழிக்கு வயிற்றில் கொழுப்பு கட்டும். முட்டை குறைய அதுவும் ஒரு காரணம்.

வீட்டிலேயே 10 கிலோ தீவனம் கலக்க ஓர் அளவு:

- உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு: 5 கிலோ
- கடலைப் பிண்ணாக்கு: 2 கிலோ
- தவிடு: ஒன்றரை கிலோ
- உப்பில்லாக் கருவாட்டுத் தூள்: அரை கிலோ
- கிளிஞ்சல் தூள்: 800 கிராம்
- கோழிகளுக்கான தாது உப்புக் கலவை: 200 கிராம்

நன்றாக மேய்ந்து வரும் கோழிக்கு இதில் மாலையில் 40, 50 கிராம் போதும். அடைத்தே வளர்க்கும் கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் தேவைப்படும். கடையில் கிடைக்கும் லேயர் தீவனத்தையும் கொடுக்கலாம். பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தால் ஈரலைக் கெடுத்துவிடும். வாசனை மாறினாலே ஒதுக்கிவிடுங்கள். கிளிஞ்சல் கலந்த இந்தத் தீவனம் முட்டையிடும் கோழிக்கு மட்டும்தான். குஞ்சுகளுக்கும் வளரும் விடைக்கோழிகளுக்கும் இவ்வளவு கால்சியம் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

மேய்ச்சலில் வளரும் கோழிக்குத் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள் வைத்துவிட்டால், தேவைப்பட்டபோது அதுவே கொத்திக்கொள்ளும். ஓடு இரவில்தான் உருவாகிறது என்பதால் மாலையில் அந்தக் கிண்ணம் நிறைந்திருப்பது நல்லது. முட்டை ஓட்டையே கழுவி, வறுத்து, நொறுக்கிப் போடலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கொடுக்கவே கூடாது, வாயும் குடலும் வெந்துவிடும். மாடிக் கோழிக்கு ஒரு தட்டில் ஆற்று மணலும் பொடிக் கல்லும் வையுங்கள். பல் இல்லாத கோழி, இரைப்பையில் தங்கும் கல்லை வைத்துத்தான் தானியத்தை அரைக்கிறது.

முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, கீரைத்தண்டு, அசோலா என்று பசுந்தீனி தினமும் கொஞ்சம் இருக்கட்டும். காலாகாலமாகச் செய்யும் கரையான் வித்தையும் உண்டு. பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலைத் துண்டுகளைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். செலவில்லாத புரதம் இது.

கத்திரி வெயிலும் காலியான தண்ணீர்ச் சட்டியும்

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தீனியைக் குறைத்துவிடும். அதோடு முட்டையும் குறையும். தொடர்ந்து மூச்சிரைப்பதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, ஓடு மெலிந்துபோகும். ஏப்ரல், மே மாதங்களில் தொட்டால் நொறுங்கும் முட்டைகள் வருவது இதனால்தான்.

முட்டைக்குள் இருப்பதில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டர் வரை குடிக்கும். கோடையில் அது இரண்டு மடங்காகும். ஒருநாள் முழுக்கத் தண்ணீர் கிடைக்காமல் போனாலே அடுத்த பல நாள்களுக்கு முட்டை பாதிக்கும். ஊருக்குப் போகும்போது தீனிக்கு ஏற்பாடு செய்கிறவர்கள் தண்ணீரை மறந்துவிடுவது வாடிக்கை.

மண்சட்டியில் தண்ணீர் வைத்து, நாளுக்கு மூன்று முறை மாற்றி, நிழலில் வையுங்கள். தீனியை விடியலிலும் பொழுது சாயும்போதும் போடுங்கள். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள். உச்சி வெயிலில் கூண்டின் ஓரத்தில் ஈரக்கோணி தொங்கவிடலாம், காற்று மட்டும் தடைபடக் கூடாது.

பல்பு போட்டால் முட்டை வருமா?

யூடியூப் பார்த்துவிட்டுக் கோழிக் கூட்டில் ராத்திரி முழுக்க பல்பு எரிய விடுபவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சத்துக்கும் முட்டைக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மைதான். கோழியின் மூளை பகல் நீளத்தைக் கணக்கிட்டுத்தான் சினைப்பைக்கு உத்தரவு போடுகிறது. 14 முதல் 16 மணி நேர வெளிச்சத்தில் முட்டை அதிகம் கிடைக்கும்.

ஆனால் அந்த வீடியோக்கள் பலவும் குளிர் நாடுகளில் எடுத்தவை. லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூனில் பதினாறரை மணி நேரம். சென்னையில் மிகக் குறைந்த பகலே 11 மணி 20 நிமிடத்துக்குக் குறையாது, மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தை ஒட்டி. வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால் நம் ஊரில் முட்டை நின்றால் முதல் சந்தேகம் வெளிச்சமாக இருக்க வேண்டியதில்லை. அடை, தீனி, வெயில், நோய் இவற்றைப் பார்த்த பிறகு வெளிச்சத்துக்கு வரலாம்.

படிக்கட்டுக்கு அடியில், இருட்டு அறையில் அடைத்து வைத்திருந்தாலோ, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள்கணக்கில் கூடு திறக்காமல் இருந்தாலோ வெளிச்சக் குறைவு உண்மையான காரணம்தான். அப்போது விடியலுக்கு முன் இரண்டு மணி நேரம் சிறிய எல்இடி பல்பு போடலாம். பகலையும் சேர்த்து 14, 15 மணி நேரம் போதும். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது. இருட்டில் தூங்கும் நேரமும் கோழிக்கு வேண்டும்.

நோய், புழு, பேன்: சத்தமில்லாமல் முட்டையைத் தின்பவை

பச்சை அல்லது வெள்ளைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து திருகுதல் இருந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். ராணிகெட் நோய் என்பதும் இதைத்தான். தடுப்பூசி போடாத தெருவில் ஒரு வாரத்தில் கோழிக்கூடுகளையே காலியாக்கிவிடும். பிழைத்த கோழியும் பல வாரங்களுக்கு முட்டையிடாது, இட்டாலும் கோணல்மாணலாக, ஓடு மெல்லியதாக வரும். வந்த பிறகு மருந்து இல்லை, முன்கூட்டியே தடுப்பூசிதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வார வயதுக்கு மேல் ஊசி. தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி வாக்கில் கிராமங்களில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. உங்கள் ஊர் தேதியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள்.

குடற்புழு இருந்தால் கோழி எவ்வளவு தின்றாலும் மெலியும், கொண்டை வெளிறும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் சொல்லும் அளவில் புழு மருந்து கொடுங்கள். அந்த மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

பேனும் செல்லும் இன்னொரு தொல்லை. சில வகைச் செல் பகலில் கூட்டின் மரச் சந்துகளில் ஒளிந்திருந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவில் டார்ச் அடித்துச் சந்துகளைப் பாருங்கள். கோழி திடீரென்று கூட்டுக்குள் அடைய மறுத்து மரத்தில் ஏறினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கூட்டைக் காலி செய்து, கொதிநீர் ஊற்றி, காயவைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு மூலையில் மணலும் சாம்பலும் கலந்து குவித்தால் கோழி அதில் புரண்டு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மேல் தெளிக்காதீர்கள்.

வால் தாழ்ந்து, நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கோழிகள் கொத்தாகத் திடீரென்று இறந்தாலும் உடனே தகவல் சொல்லுங்கள், இறந்தவற்றைச் சமைக்காதீர்கள். கால்நடை உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

பயந்த கோழி முட்டையிடாது

கூடு மாற்றுவது, புதுக் கோழிகளைக் கூட்டத்தில் சேர்ப்பது, தெருநாய் துரத்துவது, தீபாவளி வெடி, தீவனத்தைத் திடீரென்று மாற்றுவது என எது நடந்தாலும் ஓரிரு வாரம் முட்டை நிற்கலாம். சந்தையில் வாங்கி வந்த கோழி, 'நன்றாக முட்டை போடுகிறது' என்று விற்றவர் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், புது இடம் பழகும் வரை போடாது. அமைதியாக விடுங்கள். நான்கைந்து கோழிக்கு ஒரு முட்டைக்கூடு வேண்டும். உடைந்த பானையிலோ பழைய கூடையிலோ வைக்கோல் போட்டு, ஒதுக்குப்புறமாக வைத்தால் போதும். புதுத் தீவனத்தைப் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள்.

எத்தனை முட்டை எதிர்பார்க்கலாம்?

நாமக்கல் பண்ணைகளில் வளரும் வெள்ளைக் கோழி ஆண்டுக்கு 300-க்கு மேல் முட்டையிடும். அதற்கென்றே உருவாக்கிய இனம் அது. நம் நாட்டுக்கோழி நல்ல கவனிப்பில் 60 முதல் 80. சண்டைக்குப் பேர்போன அசில் இன்னும் குறைவு. ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்கள் நாட்டுக்கோழியைவிட அதிகம் தரும். முட்டைதான் குறிக்கோள் என்றால் கூட்டத்தில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். நாட்டுக்கோழி தினமும் முட்டை போடவில்லை என்று கவலைப்படுவதில் பொருளில்லை, அதன் இயல்பே அதுதான்.

முதல் இரண்டு ஆண்டுகள்தான் அதிகம் முட்டையிடும் காலம். பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறையும், ஆனால் ஒரேயடியாக நிற்காது.

இன்று தொடங்கினால்...

- முதல் நாள்: ஒளித்து வைத்த முட்டையைத் தேடுங்கள். இரவில் கொண்டை, எச்சத்துவாரம், இடுப்பெலும்பு பாருங்கள். டார்ச் அடித்துக் கூட்டின் சந்துகளையும் பாருங்கள்.
- இரண்டாம் நாள்: அடையா, இறகு மாற்றமா, நோயா என்று முடிவுக்கு வாருங்கள். அடை என்றால் கூண்டு. நோய் என்றால் மருத்துவர்.
- மூன்றாம் நாள் முதல்: புரதம் சேர்ந்த தீனி, கிளிஞ்சல் கிண்ணம், மூன்று வேளை புதுத் தண்ணீர்.
- மூன்று வாரம் வரை: எதையும் மாற்றாமல் பொறுத்திருங்கள். சமையலறைக் காலண்டரில் தினமும் எத்தனை முட்டை என்று எழுதி வாருங்கள். இரண்டு மூன்று மாதம் எழுதினால் எந்தக் கோழி எப்போது அடைக்குப் போகிறது, எப்போது திரும்புகிறது என்பது உங்களுக்கே அத்துப்படியாகிவிடும்.

மூன்று வயதைத் தாண்டிய கோழி, எல்லாம் செய்தும் முட்டை தரவில்லை என்றால் என்ன செய்வது? அதற்கும் வேலை இருக்கிறது. அதிகம் முட்டையிடும் கலப்பின இனங்கள் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அந்த முட்டைகளைப் பொரித்துக் கொடுக்க, அனுபவமுள்ள நாட்டுக்கோழியைப் போல நம்பகமான ஆள் கிடையாது. வாத்து முட்டையைக்கூட அலுக்காமல் உட்கார்ந்து பொரிக்கும். அடுத்த தலைமுறைக் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்காமல் வீட்டிலேயே எடுக்க, அந்தக் கிழட்டுக் கோழி கூட்டில் இருப்பது லாபம்தான்.